வீட்டுத் தோட்டம் கேள்வி–பதில்: செர்ரியை வெட்டாதீர்கள், பறிப்பதைத் தள்ளிப் போடுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செர்ரி பற்றியவை. எழுதியவர்கள் வைத்திருப்பது காஷ்மீர் செர்ரி இல்லை. குட்டிப் பூசணி போல வரி வரியாகக் காய்க்கும் சுரினாம் செர்ரி. எங்கள் வீட்டில் இரண்டு மரம் இருப்பதாலும், அவற்றோடு பல வருடம் பழகியதாலும், இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். கீரை, ரோஜா பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன்னால் ‘செர்ரி’ என்று சொல்லிக் கொடுத்த கன்று. இப்போது தோள் உயரத்துக்கு வந்து, இந்தப் பங்குனியில் முதல்முறையாகக் காய்த்தது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் வாயில் வைத்தால் மண்ணெண்ணெய் வாசம். பிள்ளைகள் துப்பிவிட்டார்கள். வெட்டிவிட்டு எலுமிச்சை வைக்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். என்ன செய்யட்டும் அம்மா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: வெட்ட வேண்டாம்மா. இன்னும் இரண்டு காய்ப்பு பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அவரிடம் சொல்லுங்கள். உங்கள் மரத்தின் மேல் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பறித்த நாள்தான் தப்பு.

நான் இதைத் தெரிந்துகொண்ட கதையைச் சொல்கிறேன். வடவள்ளியில் எங்கள் வீட்டு முன்வாசல் பக்கம் 2008-ல் ஒரு கன்று வைத்தேன். நான்காம் வருடம்தான் காய்த்தது. மகள் வீட்டுப் பேரனுக்கு அப்போது ஐந்து வயது. ஆரஞ்சு நிறம் வந்த பழத்தை எட்டிப் பறித்துக் கடித்தவன், “அம்மிச்சி, இது பெயின்ட்” என்று துப்பிவிட்டு ஓடினான். நானும் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். பச்சை மாங்காயின் காம்பைக் கிள்ளினால் ஒரு பால் வடியுமே, அந்த வாசம் மூக்கில் ஏறியது. நான்கு வருடம் தண்ணீர் ஊற்றியது இதற்கா என்று மனசு விட்டுப் போனது.

அப்புறம் ஒரு நாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். இரண்டு கொண்டைக்குருவிகள் அந்த மரத்துக்கு வந்தன. வெளிப்பக்கம் ஆரஞ்சுப் பழங்கள் கொத்தாகத் தொங்கின. அவற்றைத் தாண்டிப் போயின. பளீர் சிவப்பில் இருந்ததை ஒன்று அலகால் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டது. கடைசியில் இலைக்கு உள்ளே, நிழலில், மருதாணி இரவெல்லாம் ஊறி மறுநாள் காலையில் எப்படி இருக்குமோ அந்த நிறத்தில் இருந்த பழத்தைத்தான் கொத்தித் தின்றன. கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். பக்கத்தில் அதே நிறத்தில் இன்னொன்று இருந்தது. பறிக்கவில்லை, விரலால் தொட்டேன், அவ்வளவுதான். உள்ளங்கையில் வந்து விழுந்தது. தின்றால் புளிப்பும் இனிப்பும் சரிக்குச் சரி, கடைசியில் மெல்லிய ஒரு வாசனை. மாங்காய்ப் பால் இருந்த இடம் தெரியவில்லை. ஒரே மரம், ஒரே கிளை.

அதோடு விடாமல் அடுத்த காய்ப்பில் ஒரு வேலை செய்தேன். காலையில் மலர்ந்த பூ ஒன்றின் பக்கத்தில் சிவப்பு நூல் கட்டி, காலண்டரில் குறித்து வைத்தேன். வெள்ளைப் பூ, நான்கு இதழ், நடுவில் பஞ்சு போல மகரந்தக் கம்பிகள். தேனீ வந்து போனது. இதழ் உதிர்ந்தது. பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் அந்தக் காய் பச்சையாகவேதான் இருந்தது. மஞ்சள் தட்டியதும் எல்லாம் வேகம்: ஆரஞ்சு, சிவப்பு, ஆழ்ந்த சிவப்பு என்று நான்கைந்து நாளில் முடிந்துவிட்டது. 22-ஆம் நாள் தொட்டதும் விழுந்தது. பூவிலிருந்து பழத்துக்கு மூன்று வாரம்தான் ஆகும் இந்த மரத்தில். நாம் கெடுத்துக்கொள்வது கடைசி நான்கைந்து நாளில். சிவப்பு தெரிந்ததும் கை போய்விடுகிறது.

ஆகவே நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். காய்க்கும் காலத்தில் காலையும் மாலையும் ஒரு சுற்று போய், ஒவ்வொரு பழத்தையும் கீழிருந்து விரலால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். விழுந்தால் உங்களுடையது. ஒரு துளி இழுக்க வேண்டியிருந்தாலும் விட்டுவிடுங்கள், நாளைக்கு வரும். பறித்து வைத்துப் பழுக்க வைக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். மாங்காயை வைக்கோலில் மூடுவது போல இதை மூடினால் நிறம் ஏறும், சுவை ஏறாது.

கொஞ்சம் முந்திப் பறித்ததை என்ன செய்வது? பழத்தைக் கீறி விதையை எடுத்துவிட்டு, சர்க்கரை தூவி, மூடி போட்ட பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் நான்கைந்து மணி நேரம் வையுங்கள். சாறு இறங்கி, அந்தக் காரமான வாசம் வெகுவாகக் குறைந்துவிடும். பிள்ளைகளுக்கு முதலில் இப்படிக் கொடுத்துப் பாருங்கள். ஒரு முறை துப்பிய பிள்ளையைத் திரும்ப மரத்தடிக்கு வரவைப்பது கஷ்டம். என் பேரன் இரண்டு வருடம் கிட்டவே போகவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதில் இரண்டு வகை உண்டு. பரவலாகக் கிடைப்பது பழுத்தாலும் சிவப்பாகவே இருக்கும். இன்னொன்று முற்றப் பழுத்தால் நாவல்பழத்தைப் போலக் கருத்துவிடும். பொதுவாக அதில் இனிப்பு கூடுதல், மரவாசம் குறைவு. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ‘ஜில் டார்க்’, ‘லோலிடா’ என்று பெயர் வைத்துப் பரப்பியவை இந்தக் கறுப்பு வகைதான். உங்களுடையது விதைக் கன்றாக இருந்து, தொட்டதும் விழும் பழத்திலும் வாசம் தாங்கவில்லை என்றால், அந்த மரத்தின் பிறவி அது. அப்போது பக்கத்தில் ஒரு கறுப்பு வகைக் கன்றை வையுங்கள். பழையதை வேலிச் செடியாக வெட்டி வளர்த்துக்கொள்ளலாம். அதன் செம்புத் துளிர் பார்க்கவே அழகு. அப்போதும் அடியோடு வெட்ட வேண்டியதில்லை.

கேள்வி: கடையில் வாங்கிய செர்ரிப் பழத்தின் விதையைப் போட்டேன், முளைக்கவில்லை. நர்சரியில் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் செர்ரி என்கிறார்கள். எதை வாங்குவது?
— வாசகர், மதுரை

பதில்: கடையில் பெட்டியில் வரும் செர்ரி காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் விளைவது. அந்த மரத்துக்குக் குளிர்காலத்தில் பல நூறு மணி நேரம் கடும் குளிர் கிடைத்தால்தான் மொட்டு உறக்கம் கலையும். மதுரையில் எந்த மார்கழியிலும் அது கிடைக்காது. விதை ஒருவேளை முளைத்தாலும் பூக்காது. அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

நம் ஊரில் செர்ரி என்ற பெயரில் விற்கும் கன்றுகளை இலையைப் பார்த்தே பிரிக்கலாம். இலைகள் எதிரெதிராக, வழவழப்பாக, கசக்கினால் காரமான வாசம் வந்தால் சுரினாம் செர்ரி. துளிர் செம்பு நிறமாக இருக்கும். அதே போல எதிரெதிர் இலை, ஆனால் கசக்கினால் வாசம் எதுவும் இல்லை, பூ ரோஜா நிறத்தில் விளிம்பு சுருங்கியிருக்கிறது என்றால் பார்படாஸ் செர்ரி. சிலர் வெஸ்ட் இந்தியன் செர்ரி என்பார்கள். பழத்துக்குள் மூன்று விதை இருக்கும். இலை மெத்தென்று, பிசுபிசுப்பாக, ரோமத்தோடு இருந்தால் அது தேன்பழ மரம். சிங்கப்பூர் செர்ரி என்று விற்பார்கள், இலங்கையில் ஜாம் பழம் என்பார்கள். ஒரே வருடத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். சின்ன வீட்டுக்கு ஆகாது. முள்ளும் வெள்ளைப் பாலும் இருந்தால் நம் களாக்காய். பேக்கரியில் கேக்கின் மேல் வைக்கும் ‘செர்ரி’ பெரும்பாலும் இந்தக் களாக்காயைத்தான் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றியது.

வைட்டமின் சி-க்காக வைக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பேர் போனது பார்படாஸ் செர்ரி. போர்ட்டோ ரிக்கோவில் 1946-ல் அதைச் சோதித்துப் பார்த்தபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது: நூறு கிராம் பழத்தில் 1,000 மில்லிகிராமுக்கு மேல். ஆரஞ்சில் ஏறத்தாழ 50 தான். சுரினாம் செர்ரியில் அவ்வளவெல்லாம் இல்லை. விற்பவர்கள் ஒன்றின் பெருமையை இன்னொன்றின் மேல் ஏற்றிச் சொல்கிறார்கள். மதுரை வெயிலுக்கு இரண்டும் வரும். ஒன்றுதான் வைக்க இடம் என்றால், சத்துக்கு பார்படாஸ், சுவைக்கும் அழகுக்கும் சுரினாம். நான் சுரினாம் பக்கம்தான்.

கேள்வி: மொட்டை மாடியில் தொட்டியில் வைக்கலாமா? எங்கள் போர் தண்ணீர் உப்பு. கன்றின் இலை நுனியெல்லாம் கருகுகிறது.
— வாசகர், மேடவாக்கம், சென்னை

பதில்: வைக்கலாம் தம்பி. தொட்டிக்கு இது நல்ல மரம். மெதுவாகத்தான் வளரும், வெட்டினாலும் தாங்கும். ஆனால் நீங்கள் எழுதிய இரண்டாவது விஷயம்தான் பெரிய விஷயம். எந்த மண்ணிலும் வரும்: மணல், களி, சுண்ணாம்பு மண், எதற்கும் முகம் சுளிக்காது. சில நாள் தண்ணீர் தேங்கினால்கூடப் பொறுத்துக்கொள்ளும். உப்பை மட்டும் பொறுக்காது.

நுனியில் தொடங்கி ஓரம் வழியாகப் பழுப்பாகக் காய்ந்து, நடு இலை பச்சையாகவே இருந்தால் அது உப்பு. நோய் என்று மருந்து அடித்துக் காசை வீணாக்காதீர்கள். சென்னையில் பலரும் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறார்கள். உங்கள் கடிதத்தில் அது இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்: அப்படி ஊற்றுகிறீர்களா? போர் தண்ணீரை விட அதில் உப்பு அதிகம். இந்தச் செடிக்கு அது விஷம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள்; அதில் உப்பே கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியைத் திறந்த இடத்துக்கு நகர்த்தி வைத்து நன்றாக நனையவிடுங்கள். ஒரு டிரம் மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் தை, மாசி வரை வரும். போர் தண்ணீர்தான் வழி என்றால், கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காமல், அடித் துளை வழியே வழிந்து ஓடும்வரை ஊற்றுங்கள். தொட்டியில் தங்கிய உப்பும் அதோடு போகும்.

தேங்காய்நார்க் கழிவிலும் உப்பு உண்டு. நாங்கள் கோகோபீட் கட்டியை ஊறவைத்துப் பிழிந்து, மூன்று தண்ணீர் மாற்றிய பிறகுதான் கலக்குவோம். செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, அலசிய கோகோபீட் ஒரு பங்கு, இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. முதலில் 12 அங்குலத் தொட்டி. இரண்டு வருடம் கழித்து 20 அங்குலம், இல்லையென்றால் பாதியாக அறுத்த நீல டிரம். முழு வெயில் வேண்டும். சித்திரை, வைகாசியில் தொட்டியின் வெளிப்பக்கம் சூடேறி வேர் வெந்துவிடும். சாக்கை நனைத்துச் சுற்றிவிட்டால் போதும், செடிக்கு மேலே நிழல்வலை கட்ட வேண்டாம்.

கேள்வி: ஐந்து வருடம் ஆகிவிட்டது. செழிப்பாக இருக்கிறது, ஒரு பூ இல்லை. மாமரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிறது. மாதம் ஒரு முறை தோட்டக்காரர் வந்து ஒழுங்காக வெட்டிவிடுகிறார்.
— வாசகி, தாராபுரம்

பதில்: பதிலை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். இதன் பூ புதுத் துளிரின் அடியில், இலைக் கணுவில் வரும். துளிர் முற்றுவதற்குள் மாதாமாதம் கத்தரி வந்தால் பூ எங்கிருந்து வரும்? தோட்டக்காரரிடம் ஒரு வருடம் இந்த மரத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். வெட்டாமல் விட்ட மரம்தான் நன்றாகக் காய்க்கும். காய்ந்த குச்சி, உள்ளே குறுக்கே ஓடும் கிளை, இவற்றை மட்டும் காய்ப்பு முடிந்ததும் எடுத்தால் போதும்.

அடுத்தது நிழல். மாமரத்தின் அந்தப் பக்கக் கிளை ஒன்றிரண்டைக் கழித்து, அரை நாள் வெயிலாவது விழச் செய்யுங்கள்.

ஐந்து வருடம் என்பது பயப்படும் கணக்கு இல்லை. இரண்டாம் வருடமே காய்த்ததும் உண்டு, ஆறு வருடம் காக்க வைத்ததும் உண்டு. எங்கள் மரத்துக்குத் தை மாதம் மூன்று வாரம் தண்ணீரைக் குறைத்துவிட்டு, மாசி பிறந்ததும் ஒரு கூடை மக்கிய தொழுவுரம் போட்டு, நிறையத் தண்ணீர் விடுவேன். பத்து, பதினைந்து நாளில் துளிரும் பூவும் சேர்ந்து வரும். பங்குனி, சித்திரையில் ஒரு காய்ப்பு. புரட்டாசி மழையோடு இன்னொன்று, அது சின்னது. காய் பிடித்த மூன்று வாரமும் தண்ணீர் தவறக் கூடாது. காய விட்டுத் திடீரென்று ஊற்றினால் பிஞ்சு கொட்டும்.

கேள்வி: பழத்தைப் பிளந்தால் வெள்ளைப் புழு. மருந்து அடிக்காமல் வழி உண்டா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: பழ ஈ. மாம்பழத்திலும் கொய்யாவிலும் வரும் அதே ஈதான். காய் நிறம் மாறும்போது தோலில் ஊசி போலக் குத்தி முட்டை வைத்துவிடும். இத்தனை சின்ன மரத்துக்கு மருந்து வேண்டியதே இல்லை. தின்னும் பழத்தில் அடிக்கவும் கூடாது.

முதல் வேலை பொறுக்குவது. கீழே விழுந்த பழம் ஒன்றுகூட இரவு மண்ணில் கிடக்கக் கூடாது. உள்ளே இருக்கும் புழு வெளியே வந்து மண்ணுக்குள் கூடு கட்டி, அடுத்த ஈயாக வரும். பொறுக்கியதை உரக்குழியில் போடாதீர்கள். பாலிதீன் பையில் கட்டி இரண்டு நாள் வெயிலில் போட்டுவிட்டுப் பிறகு புதையுங்கள். மரத்தடி மண்ணை வாரம் ஒரு முறை லேசாகக் கொத்திவிட்டால் கூட்டுப்புழுவை எறும்பும் வெயிலும் பார்த்துக்கொள்ளும்.

விவசாயக் கடைகளில் பழ ஈப் பொறி கிடைக்கும். ஆண் ஈக்களை மட்டும்தான் இழுக்கும், அதனால் அதை மட்டும் நம்ப முடியாது. ஈ வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள நல்லது. துளசியிலும் அந்த ஈயை இழுக்கும் வாசனைப் பொருள் உண்டு. கசக்கிய துளசியைத் துளையிட்ட பாட்டிலில் போட்டுத் தொங்கவிட்டும் பார்க்கலாம்.

எனக்குக் கைகொடுத்தது பழைய கொசுவலை. பூவெல்லாம் உதிர்ந்து பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு மரத்தின் மேல் போர்த்தி, அடியில் கயிற்றால் கட்டிவிடுவேன். பூ இருக்கும்போது போர்த்தினால் தேனீ வர முடியாது, காயும் வராது. ஒரு பக்கக் கிளையை மட்டும் வெளியே விட்டுவிடுவேன், கொண்டைக்குருவிக்கு. எனக்குப் பறிக்கச் சொல்லிக் கொடுத்தது அதுதானே.

கேள்வி: கோத்தகிரியில் வருமா? காட்டை ஒட்டிய இடம், வேலியாக வைக்க ஆசை.
— வாசகர், கோத்தகிரி

பதில்: வரும். வளர்ந்த மரம் பனியைக்கூட ஓரளவு தாங்கும். முதல் இரண்டு குளிர்காலம் மட்டும் கன்றை இரவில் மூடி வையுங்கள். வேலிக்கும் அருமையான செடி, நெருக்கமாகத் துளிர்க்கும்.

ஆனால் காட்டை ஒட்டி வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பழம் பறவைக்குப் பிடித்தது. விதையை எங்கே கொண்டுபோய்ப் போடும் என்பது நம் கையில் இல்லை. ஃப்ளோரிடாவிலும் பெர்முடாவிலும் வீட்டு வேலியாக வந்த இதே செடி காட்டுக்குள் புகுந்து, அங்கே இயல்பாக முளைக்கும் செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நம் மலைகளில் உண்ணிச்செடி எப்படி வந்தது? அதுவும் பூவுக்காகத் தோட்டத்தில் வைத்ததுதான். சோலையின் ஓரத்தில் இன்னொன்று வேண்டாம். வீட்டு வாசல் பக்கம் ஒரே ஒரு மரம், பழக் காலத்தில் வலை போட்டு, விழுந்ததைப் பொறுக்கி வளர்க்க முடியும் என்றால் வையுங்கள். வேலிக்கு வேறு செடி பாருங்கள்.

கேள்வி: இது எங்கிருந்து நம் நாட்டுக்கு வந்தது? விதையோடு அரைத்து ஜூஸ் போடலாமா? இலையைக் கஷாயம் வைத்தால் சர்க்கரை குறையும் என்கிறார்களே?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: மூன்று கேள்வியையும் ஒரே கார்டில் நுணுக்கி எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம்.

சொந்த ஊர் தென் அமெரிக்கா: சுரினாமிலிருந்து பிரேசிலின் தெற்கு, உருகுவே வரை. பிரேசிலில் பிதாங்கா என்பார்கள். அங்குள்ள பழங்குடிகளின் துப்பி மொழியில் சிவப்பு என்று பொருள். முந்திரியைக் கொண்டுவந்த போர்ச்சுக்கீசியர்களே இதையும் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள். அங்கிருந்து ஒரு செடி இத்தாலியின் பீசா நகரத் தோட்டத்துக்குப் போய், ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் முதலில் எழுதி வைத்தது அந்தச் செடியைப் பார்த்துத்தான் என்று நம்பப்படுகிறது. அதனால் இதை இந்தியச் செடி என்றே நினைத்த காலமும் உண்டு. செர்ரிக்கும் இதற்கும் உறவு கிடையாது. கொய்யா, நாவல், கிராம்பு எல்லாம் இதன் பங்காளிகள். இலையைக் கசக்கினால் அடிக்கும் காரமும் அந்தக் குடும்பத்துக்கே உரியது. பிரேசிலில் இந்த இலையை வீட்டுத் தரையில் பரப்பி வைப்பார்களாம். நடக்கும்போது மிதிபட்டு எழும் வாசத்துக்கு ஈ அண்டாது. நான் ஒரு கைப்பிடியைக் குப்பைக்கூடைப் பக்கம் போட்டுப் பார்த்தேன், இரண்டு நாளைக்கு நன்றாகவே வேலை செய்தது.

விதையோடு அரைக்கவே கூடாது. விதையில் பிசின் நிறைய, கடுமையான கசப்பு, தின்னவும் கூடாது. மிக்சியில் ஒரு விதை உடைந்தாலும் மொத்தச் சாறும் கெட்டுவிடும். கையால் பிசைந்து வடிகட்டுங்கள். எங்கள் வீட்டில் இதைப் பச்சடியாகத்தான் அதிகம் செய்வோம். விதை எடுத்த பழம் ஒரு கிண்ணம், பொடித்த வெல்லம் அரைக் கிண்ணம், ஒரு சிட்டிகை உப்பு, மிளகாய்த்தூள் கால் ஸ்பூன். அடுப்பில் ஐந்தே நிமிடம். கடுகும் ஒரு வரமிளகாயும் தாளித்துக் கொட்டினால் மாங்காய்ப் பச்சடிக்குத் தங்கை மாதிரி இருக்கும். மாங்காய் வருவதற்கு முன்பே பங்குனியில் இது வந்துவிடுவதால், வருடப் பிறப்புக்கு இலையில் இரண்டு பச்சடியும் வைப்போம்.

சர்க்கரை விஷயத்தில் என் பேச்சைக் கேட்பதை விட மருத்துவரைக் கேளுங்கள். பிரேசில் நாட்டு மருத்துவத்தில் இலைக் கஷாயம் உண்டு. அதற்காக உங்கள் மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

கேள்வி: விதையைக் காயவைத்து டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தேன். நான்கு மாதம் கழித்துப் போட்டால் ஒன்றுகூட முளைக்கவில்லை. கறுப்பு வகை விதை உங்களிடம் கிடைக்குமா?
— வாசகர், ஆத்தூர்

பதில்: பத்திரமாக வைத்ததுதான் தப்பாகிவிட்டது ஐயா. கத்தரி, வெண்டை விதை போல இல்லை இது. காய்ந்தால் செத்துவிடும். பழத்திலிருந்து எடுத்து ஒரு மாதத்துக்குள் மண்ணுக்குள் போய்விட வேண்டும். ஒரு வாரத்துக்குள் போட்டால் இன்னும் நல்லது. சதையைக் கழுவிவிட்டு, நிழலில் ஈரம் மட்டும் வடியவிட்டு, அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். மூன்று நான்கு வாரத்தில் செம்பு நிறத்தில் முளை தெரியும். அதுவரை மண் காயக் கூடாது. அவசரப்பட்டுத் தோண்டிப் பார்க்காதீர்கள். மரத்தடியில் தானாக முளைத்த கன்று கிடைத்தால் அதுவே மேல்.

எங்கள் இரண்டாவது மரம் கறுப்பு வகை. தோழி ஒருத்தி கொடுத்த பழத்தின் விதையிலிருந்து வந்தது. தாயைப் போலவே பிள்ளையும் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, எங்களுக்கு அதிர்ஷ்டம். விதை தர எனக்கு மகிழ்ச்சிதான். புரட்டாசிக் காய்ப்பு வரும்போது இந்தப் பக்கத்தில் அறிவிக்கிறேன். அதன் பிறகு சுயவிலாசமிட்ட, தபால்தலை ஒட்டிய உறையை இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். ஈர நாரில் சுற்றி ஆளுக்கு மூன்று விதை வைத்து அனுப்புகிறேன். உறையின் மேல் ‘செர்ரி’ என்று பெரிதாக எழுதிவிடுங்கள். மற்ற கடிதங்களோடு கலந்து பத்து நாள் கிடந்துவிட்டால் விதை பாழாகிவிடும்.